எல்லாருக்கும் சரி என்று சொன்னேன்

செப்டம்பர் 24, புதன்

இன்றிலிருந்து நான் சூப்பர்வைசர். நேற்றுவரை தமிழ்செல்வியும் நானும் சேர்ந்துதான் லாட்ஜ் அறைகளில் பெட்ஷீட் மாற்றினோம். இனி அவள் விரித்ததை நான் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம். ஓர் அறையில் சுருங்கியிருந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவள் போனதும் நானே இழுத்துவிட்டேன். இதற்கா சம்பளத்தைக் கூட்டினார்கள்?

செப்டம்பர் 27, சனி

செல்வி வருகிற பௌர்ணமிக்கு லீவு கேட்டாள். அவள் அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கிரிவலம் வருவதாக வேண்டுதல்; முடிந்துவிட்டது. பௌர்ணமிக்கு எங்கள் லாட்ஜில் ஓர் அறைகூட காலி இருக்காது. தெரிந்தும் சரி என்றேன். அவள் முகம் மலர்ந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

செப்டம்பர் 29, திங்கள்

மாடி அறைகளைப் பார்க்கும் சரோஜா அக்காவும் அதே நாள் லீவு கேட்டார். சரி என்றேன். ரிசப்ஷன் விமல்ராஜும் கேட்டான். அவனுக்கும் சரி.

செப்டம்பர் 30

இந்த ஊரில் பௌர்ணமிக்கு லீவு கேட்காதவர் யார்? தனித்தனியாகத் தலையாட்டியிருக்கிறேன். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது.

அக்டோபர் 2, வியாழன்

பௌர்ணமிக்கு ஆள் ரெடியா என்று மேனேஜர் கேட்டார். ரெடி சார் என்றேன். அடிப்பாவி! இந்த வாய் ஏன் இப்படிப் பொய் சொல்லுது?

அக்டோபர் 3

காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிடலாமா என்று தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 4, சனி

குட்டு உடைந்துவிட்டது. திங்கட்கிழமை என் மாடியையும் பார்த்துக்கொள் என்று சரோஜா அக்கா செல்வியிடம் சொல்ல, நானே லீவு ஆச்சேக்கா என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் என் எதிரே வந்து நின்றார்கள். விமல்ராஜையும் கூப்பிட்டேன். "மூணு பேருக்குமே சரின்னு சொல்லிட்டேன். இல்லன்னு சொல்ல பயமா இருந்துச்சு" என்றேன்.

செல்விதான் பேசினாள். "அன்னிக்கே இல்லன்னிருந்தா கோவிச்சினு போயிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். இப்ப அம்மாகிட்ட நாள், நேரம் எல்லாம் சொல்லிட்டேன் மதி."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

விமல்ராஜ் போனில் பார்த்தான். பௌர்ணமி திங்கள் மத்தியானம் தொடங்கிச் செவ்வாய் காலை வரை இருக்கிறது. யாருக்கும் முழு லீவு இல்லை, ஆனால் எல்லாரும் மலை சுற்றலாம் என்றேன். அக்காவுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார், அவருக்கு மத்தியானம். விமல்ராஜுக்கு ராத்திரி. செல்விக்கு விடியற்காலை. புருஷனோடு சாயங்காலம் போக ஆசைப்பட்டவள் அவள். அவளிடம் சொல்லத்தான் மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். மேனேஜரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எப்படியோ ஒப்பேறியது. டவல் வரவில்லை என்று ஒரு குடும்பம் கத்தியது. நான் வீட்டுக்கே போகவில்லை, கிரிவலமும் இல்லை.

செல்வி காலையில் வெறுங்காலோடு நேராக வேலைக்கு வந்தாள். விபூதிப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அழுதுவிட்டேன்.

நவம்பர் 1, சனி

செல்வி தங்கைக்கு வளைகாப்பு. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேண்டுமாம். மறுபடியும் பௌர்ணமி! "ரெண்டு நாளும் முடியாது செல்வி. புதன்கிழமை மட்டும் எடுத்துக்கோ" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லக் கால் பரபரத்தது. ஓடவில்லை.

மத்தியானம் அவள் முடித்த அறையில் பெட்ஷீட் சுருங்கியிருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். முணுமுணுத்தபடியே இழுத்து விரித்தாள்.

சாப்பிடும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஊறுகாயை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.