வடைகறி மேல் போட்ட பழி

நவம்பர் 10, ஞாயிறு
தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, ஜுரம். சர்ச்சில் பாடியதைவிட இருமியதுதான் அதிகம். மனைவி விக்டோரியா மாஸ்க் போடச் சொன்னாள். இரும்புக் கம்பி ரோலிங் மில் சூட்டில் நிற்கிறவனைச் சளி என்ன செய்யும் என்று அவளிடம் வீரம் பேசினேன்.

நவம்பர் 12
வீரன் கக்கூஸில் இருக்கிறான். காலையில் விக்டோரியாவின் தள்ளுவண்டியில் இட்லி, வடைகறி. டூட்டிக்குப் போனதும் வாந்தி, பின்னாலேயே பேதி. வேறென்ன காரணம்? வடைகறிதான். ஷிப்டு வாட்ஸாப் குழுவில் போட்டேன்: "நம்ம ஊட்டு வண்டியில சாப்டாதீங்கப்பா. வயிறு பேஜார்." பெண்டாட்டி கடை என்றும் பாராமல் உண்மை பேசிய உத்தமன் நான்!

நவம்பர் 13
வண்டி போடும் சிப்காட் பஸ் ஸ்டாப்பிலிருந்து, விற்காத இட்லிக் குண்டானை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.
"இப்பதான் நாலு பேரு தேடிக்கினு வர ஆரம்பிச்சாங்க," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 14
அரசு ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவிடம் வடைகறி வரலாற்றை விரிவாகச் சொன்னேன்.
"அதே வடைகறிய சாப்பிட்ட மத்தவங்களுக்கு?"
யாருக்கும் ஒன்றுமில்லை. கூட வேலை செய்யும் மணிகண்டன் என்னைவிட அதிகம் தின்றுவிட்டுக் கல்லு மாதிரி இருக்கிறான்.
"சளி, ஜுரந்தானே முதல்ல வந்துச்சு? இது ஃப்ளூ. சிலருக்கு வயித்தையும் சேர்த்துப் பிடிக்கும். உப்பு சர்க்கரைத் தண்ணி குடிங்க. யார் மூஞ்சியிலயும் இருமாதீங்க."
பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு ஏன் இந்த வாய்?

நவம்பர் 15
குழுவில் உண்மையைப் போட்டேன். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். வண்டிக்கு ஒருத்தரும் வரவில்லை.

நவம்பர் 20
வயிறு தேறிவிட்டது. தினமும் வண்டி முன்னால் நின்று, ஊர் பார்க்க வடைகறி தின்கிறேன். கண்காட்சி மாடு நான்தான். இன்று மணிகண்டன் வந்தான்.
"இன்னாண்ணே, இன்னும் உயிரோடதான் கீற! அண்ணி, எனக்கும் நாலு இட்லி வைங்க."
அவன் பின்னாலேயே பாதி ஷிப்டு வந்தது. வெட்கம் கெட்டு அங்கேயே கண் கலங்கினேன்.

நவம்பர் 25
ஊரெல்லாம் இருமல். இப்போது விக்டோரியாவுக்கும் ஜுரம். "இருமிக்கினு சோறு போடக் கூடாது," என்று வண்டியை அவளே நிறுத்திவிட்டாள்.
நான் கஞ்சி காய்ச்சினேன். அடிப்பிடித்துவிட்டது. இரண்டு வாய் குடித்தாள், அத்தனையும் வாந்தி. டம்ளரோடு திருடன் மாதிரி நின்றேன்.
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கஞ்சி மேல தப்பில்லய்யா. ஜொரந்தான். இன்னும் கொஞ்சம் ஊத்து."