ஆற்றில் தண்ணீர் வரும்வரை

14.6.2003, சனி

இன்று முனியனைக் கல்லறைத் தோட்டத்தில், என் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கென ஒதுக்கியிருந்த இடத்தில் புதைத்தோம். போதகர் வரவில்லை.

முனியன் கூலி வேலைக்காரர். இரண்டு வருடமாக எங்கள் சபைக்கு வந்தார். போன வருடமே முழுக்கு ஞானஸ்நானம் கேட்டார். பம்புசெட் தொட்டியே போதும் என்றார். போதகரோ திருமுக்கூடலில், பாலாற்றில்தான் கொடுப்பேன், தண்ணீர் வரும்வரை காத்திரு என்றார். முனியன் காத்திருந்தார். "ஆத்துல மணலுதான் கீது பாஸ்டரே, அதுலயே முக்கிடேன்" என்று ஞாயிறுதோறும் சிரிப்பார். நேற்று வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவில்லை.

காலையில் போதகர் என்னிடம், "முழுக்கு எடுக்காதவருக்கு நம்ம தோட்டத்துல இடமில்ல பிரதர். கீழ்ப்படியாம இரட்சிப்பு ஏது?" என்றார்.

முனியனின் மனைவி காசியம்மா அருகில்தான் நின்றிருந்தார். "இருன்னு சொன்னது நீதான? இருந்தாரு. அதுக்கு மேல இன்னா கீழ்ப்படியணும்?"

முப்பது வருடம் நிருபராக இருந்த நான்கூட யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

என் இடத்தைக் கொடுக்கிறேன் என்றேன்.

"அப்புறம் உங்கள எங்க வைக்கிறது பிரதர்?"

"ஆத்து மணல்ல வைங்க. நான்தான் முழுக்கு எடுத்தவனாச்சே, எங்க கெடந்தா என்ன?"

மண்வெட்டியை நானே எடுத்தேன். ஜெபமும் நானே சொன்னேன்.

நாளை ஆராதனைக்குப் போவேன். முதல் வரிசையில் காசியம்மாவோடு உட்காருவேன். இதற்காக என்னைச் சபையை விட்டு நீக்குவதானால், எல்லார் முன்னாலும் எழுப்பி நீக்கட்டும்.