அருணா இறங்கி வராத ஞாயிறுகள்

ஜூலை 6, ஞாயிறு

இன்றும் அருணா இறங்கி வரவில்லை. கீழே குடோனில், ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் உட்காரும் பாயில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் போடி டவுன், மீதி சிலமலையிலிருந்து பஸ்சில் வருகிறவர்கள். என் மகள் அருணா ஆரம்பித்த வாசிப்பு வட்டம். முன்பு ஒரு ஞாயிறு விட்டதில்லை. வைகாசியிலிருந்து அவள் மாடியறையை விட்டே வருவதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இத்தனை வாரமும் பிள்ளைகளுக்கு முறுக்கைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். இன்று சிலமலை சுசித்ரா கேட்டுவிட்டது: "அக்காவுக்கு மேலுக்கு முடியலைன்னா நீங்க வாசிங்க பெரியம்மா."

நானா? இதே குடோனில் கூலிக்குக் காய் பொறுக்கி, பின்னால் குடோனையே வாங்கியவள் நான். கதை படிக்க எனக்கு எங்கே பொழுது இருந்தது? ஆனாலும் அடுத்த வாரம் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லை.

ஜூலை 9, புதன்

எந்தப் பகுதியை வாசிக்கட்டும் என்று அருணாவிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எதையாச்சும் வாசிம்மா." அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஒரு பகுதி பிடிப்பதற்குள் பத்துப் புத்தகத்தைப் புரட்டிவிடுவாள். எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் என்று பார்த்து அங்கேதான் நிறுத்துவாள். முடிவைச் சொல்லவே மாட்டாள். சரக்கைக் காட்டிவிட்டு விலை சொல்லாமல் போகிற வியாபாரி என்று கேலி செய்திருக்கிறேன்.

உனக்கு என்னதான் ஆச்சு என்று இன்றும் கேட்டேன். ஒண்ணுமில்லை என்கிறாள். கடன் என்றால் கட்டிவிடலாம். எவனாவது ஏமாற்றியிருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். ஒண்ணுமில்லை என்பதை எங்கே கொண்டுபோய்த் தீர்க்க?

ஜூலை 13, ஞாயிறு

வாசித்தேன். தலைச்சுமையாகக் கூடை தூக்கிப் பெரிய ஆள் ஆனவர் கதை. என் கதை மாதிரியே இருந்ததால் எடுத்தேன். முடித்துவிட்டு, இப்போது பேசுங்கள் என்றேன். காசிமாயன், பத்து வயசு, வாய் மட்டும் நாற்பது வயசு, "பேச என்ன இருக்கு பெரியம்மா? அதான் எல்லாத்தையும் அவரே சொல்லிட்டாரே" என்கிறான். பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டன. நானும்தான்.

சிரிப்புச் சத்தம் மேலே கேட்டிருக்கும் என்று ஒரு நினைப்பு. மதியத் தட்டைக் கொண்டுபோனேன். காலைத் தட்டு வைத்தபடி இருந்தது.

ஜூலை 17, வியாழன்

செல்லத்தாய் ஒரு காலத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கியவள். இன்றும் என்னிடம்தான் வேலை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவள் ஒருத்திதான். "மகாராணி, எதையோ பாத்துப் பயந்துருக்கு புள்ள. குரங்கணிப் பக்கம் ஒருத்தர் மந்திரிக்கிறாராம், வெரசா கூட்டிட்டுப் போ" என்றாள்.

தேனியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருப்பதும் எனக்குத் தெரியும். அந்த வாசலில் ஒரு வியாபாரி என்னைப் பார்த்தால் போதும். சாயங்காலத்துக்குள் ஏலத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் சேதி போய்விடும். கல்யாணம் பேச வேண்டிய பெண். போக மாட்டேன்.

ஜூலை 19, சனி

ஒரு வழி தோன்றியது. மலையிலிருந்து காய் கொண்டு வருகிறவர்கள் சிலர் விலை சொல்லாமல் கல்லாட்டம் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "போன வருசத்துக் காயாண்ணே?" என்பேன். புதுக்காய் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சுருக்கென்று ஏறும், வாயைத் திறந்துவிடுவார். திறந்துவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

அருணாவுக்குக் கோபம் வந்தால் போதும். எழுந்துவிடுவாள்.

அட்டை போன நீதிக்கதைப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. அதில் ஒரு சோம்பேறிப் பெண், விடிந்தும் எழுந்திருக்க மாட்டாள். இந்த மாதிரிக் கதை அருணாவுக்கு ஆகவே ஆகாது. பிள்ளைகளைத் திட்டுவதற்கென்றே எழுதினது என்பாள். நாளைக்கு இதுதான். அவள் அறைக்கு நேர் கீழே பாயை விரிக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

சத்தம் போட்டு வாசித்தேன். கோழியைக் கீரி கொண்டுபோகிறது. மாடு தண்ணிக்குக் கத்துகிறது. அவள் படுத்தே கிடக்கிறாள். வீட்டார் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். அதோடு நிறுத்தினேன், அருணா நிறுத்துகிற மாதிரி.

நல்லா வேணும் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லும் என்று பார்த்தேன். காசிமாயன் வேறொன்று கேட்டான். "அவ ஏன் படுத்தே கெடக்கான்னு யாருமே கேக்கலையே?"

"சோம்பேறி. அதான்."

"நானுந்தான் சோம்பேறி. பசிச்சா எந்திரிச்சுருவேனே."

பின்னால் ஒரு வாண்டு: "அருணாக்கா மாதிரியா?"

புத்தகத்தை மூடிவிட்டு முறுக்கைக் கொடுத்து அனுப்பினேன். மேலே சத்தமில்லை.

ஜூலை 21, திங்கள்

"என்னைய உசுப்பிவிட்டுப் பாக்குறியாம்மா? நான் உன்கிட்ட காய் போட வந்த ஆளா?"

கத்தியிருந்தால் ஜெயித்தேன் என்று எடுத்துக்கொள்வேன். கோபமே இல்லை. தண்ணி கேட்கிற மாதிரி கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "அவளை வெளிய தள்ளிக் கதவைச் சாத்துனது சரிதான்" என்றாள்.

எழுத வரல. என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? படுத்துக் கெடந்த புள்ளைய — பெத்த புள்ளைய — ஏன் படுத்திருக்கேன்னு கேட்டேனே ஒழிய, சொல்றதைக் காதுல வாங்குனேனா? ஒண்ணுமில்லைன்னு சொன்னாளே. அதையாவது நம்புனேனா?

ஜூலை 23, புதன்

அருணா குடித்தது தண்ணீர் மட்டும்.

ஜூலை 24, வியாழன்

ஆசாரியை வரவழைத்து அவள் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். எதற்கு என்றார். துரு என்றேன். புத்தம்புதுத் தாழ்ப்பாள். அவர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 27, ஞாயிறு

இனிமேல் வட்டம் இல்லை என்று சொல்லி அனுப்பத்தான் கீழே போனேன். பிள்ளைகள் அதே கதையைக் கேட்டன. வெளியே தள்ளின இடம் பிடிக்கவில்லையாம். அவளை என்ன செய்யலாம் என்று அவர்களாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். தடுக்க எனக்குத் தெம்பில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பக்கத்து வீட்ல சோறு போடுவாங்க" என்றது ஒன்று.

"சாப்பிட மாட்டா. பசிக்காது" என்றது சுசித்ரா.

"ஆமா, இவ போயி பாத்தா" என்று காசிமாயன் மடக்கினான்.

"எங்கம்மா அப்படித்தான்டா கெடந்துச்சு. தம்பி அழுதாக்கூடத் திரும்பிப் பாக்காது. தேனிக்குக் கூட்டிட்டுப் போயி மாத்திரை வாங்கிக் குடுத்தோம். இப்பத் தோட்ட வேலைக்குப் போகுது."

"ஊர்ல சிரிக்கலையா?" இதைக் கேட்டது நான்தான். பிள்ளைகளோடு பிள்ளையாக.

"சிரிச்சாங்க பெரியம்மா. அப்புறம் அவுங்கவுங்க சோலியப் பாக்கப் போய்ட்டாங்க."

ஜூலை 31, வியாழன்

தேனி. ஆஸ்பத்திரியில் எனக்கும் அருணாவுக்கும் பக்கத்து நாற்காலியில், என்னிடம் காய் போடுகிற குரங்கணித் தோட்டக்காரர், மனைவியோடு. மழை எப்படி, காய் எப்படி என்று பேசிக்கொண்டோம். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது காரில் அருணா கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஒரு மாற்றமும் இல்லை. பாதித் தோசை தின்றாள். அதைப் போய் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் அறையிலேயே படுக்கிறேன். மூச்சு வருதான்னு பாக்குறதே வேலையாப் போச்சு. பயமா இருக்கு. கைமுதல் முழுக்க ஒரே லோடுல போட்டப்பக்கூட இப்படிப் பயந்ததில்ல.

ஆகஸ்ட் 16, சனி

மாத்திரையை முழுங்கிவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அந்தப் புள்ளைய என்ன செஞ்சாங்க?"

எந்தப் பிள்ளை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

"இன்னும் முடிவாகல. வெளியவேதான் நிக்கிறா. கதவை ஒடைக்கணும்கிறான் காசிமாயன். சுசித்ரா, கூட ஒரு ஆள் போயி நின்னாப் போதும்கிது. மூணு வாரமா இதே சண்டைதான். நாளைக்கும் இதையேதான் பேசணுமாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சுசித்ரா பேசுறது மட்டும் இங்க கேக்க மாட்டேங்குதும்மா."

சத்தமாகப் பேசச் சொல்கிறேன் என்றேன். நீயே இறங்கி வாயேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.