கடல் தெரிகிற அறை

786

நாகல் நகர்,
திண்டுக்கல்.
20.1.2022

கப்பலில் அறைக்குள் அடைபட்டிருக்கும் என் மகன் வாஜிதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம்தான். உன் நலம் நீ எழுதினால்தான் தெரியும். அதனால் அந்த வரியை உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

இந்தக் காகிதம் எப்படி உன் கதவுக்கு வந்தது என்று யோசிப்பாய். நீ போனை எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் இருமல்தான் பேசுகிறது. ஆகவே நான் கையால் எழுதி, போனில் படம் பிடித்து, உன்னோடு வேலை செய்கிற நம் பக்கத்து எரியோட்டு ஊர்ப் பிள்ளை பிராங்கிளினுக்கு அனுப்பினேன். கப்பல் ஆபீசில் அச்செடுத்து உன் சாப்பாட்டுத் தட்டோடு வைப்பதாக அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. நல்ல வளர்ப்பு. அவன் அம்மாவைப் பார்த்தால் சொல்ல வேண்டும்.

அவன் இன்னொன்றும் சொன்னான். வைத்த தட்டு வைத்தபடியே இருக்கிறதாம். "அம்மா, எங்களுக்கெல்லாம் கீழ, ஜன்னலே இல்லாத ரூமு. இவனுக்குக் கொரோனா வந்ததால பயணிங்க தங்குற ரூமையே குடுத்திருக்காங்க. பால்கனியத் தொறந்தா கடலு. இவன் என்னடான்னா திரையக்கூட விலக்க மாட்டேங்கிறான். பகல்லயும் இருட்டுக்குள்ளதான் கெடக்கான்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தான். அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஏலே, யார் மேல் இந்தக் கோபம்? அத்தா மவுத்துக்கு வர முடியவில்லை என்றா? அவர் காலையில் ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். சாயங்காலம் அஸர் தொழுகைக்கெல்லாம் அடக்கமும் முடிந்துவிட்டது. உனக்குக் காய்ச்சலே இல்லாமல், கப்பலில் இருந்து நேராக விமானம் ஏறியிருந்தாலும் நீ மண்ணைத்தான் பார்த்திருப்பாய். உன் மேல் குற்றம் இல்லை. பெற்றவள் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இங்கே என் கதையும் உன் கதைதான். நீ நோய்க்காக அறைக்குள் இருக்கிறாய், நான் உன் அத்தாவுக்காக இத்தா இருக்கிறேன். உன்னை எப்போது வெளியே விடுவது என்று டாக்டர் சொல்வார். புருஷனை இழந்தவளுக்கு நாலு மாதம் பத்து நாள் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. உன் காதர் பீவி மாமி தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தை எல்லாம் என் காவலில் காட்டுகிறது. ஜன்னல், கதவு, வெளிச்சம் வருகிற இடுக்கு என்று ஒன்று விடாமல் போர்வையும் பழைய சேலையும் கட்டி மறைத்திருக்கிறது. கண்ணாடியையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாகிவிட்டது. வெள்ளைச் சேலையில் என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது?

ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. மத்தியானம் பேன் சுற்றும்போது இந்தத் திரைகள் எல்லாம் உப்பி எழுந்து அடங்குகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் இது நாகல் நகரா, உன் கப்பலா என்று பிடிபடுவதில்லை. கட்டில் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. நேற்று அப்படித்தான் கண் அசந்தேன். உன் அத்தா தண்ணீர் மேல் ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் நனையவே இல்லை. என்னை ஏறச் சொன்னார். ஏறினேன். எங்கே போகிறோம் என்று கேட்டால், "செத்த நேரம் சும்மா இரு புள்ள, மீனெல்லாம் தூங்குது" என்றார். வழியெல்லாம் அவர் ஹாரனே அடிக்கவில்லை. அந்த மனுஷன் ஹாரன் அடிக்காமல் ஓட்டியதை நான் கனவில்தான் பார்த்தேன்.

நிஜ ஆட்டோ வாசலில்தான் நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று தப்ரேஸ் காலையில் வந்து செத்த நேரம் ஓடவிட்டுப் போகிறான். ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்து வண்டிக்காரன், உனக்குத் தெரியுமே. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் டீ போட எழுந்துவிட்டேன். அடுப்படி வரை போன பிறகுதான் நினைவு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் இருந்திருந்தால் உன்னிடம் கேட்கிற முதல் கேள்வி என்னவென்று உனக்குத் தெரியும். "கடல் எப்படி இருக்கு அப்பு?" சாப்பிட்டாயா என்பதே அப்புறம்தான். நீயும் விதவிதமாகச் சொல்வாய். விடியும்போது கத்தரிக்காய் நிறம், மழை வருமுன் ஈயப் பாத்திர நிறம், பறக்கிற மீன், மூச்சு விடுகிற திமிங்கலம். மறுநாள் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் யாரும் தப்ப முடியாது. நீ ஒரு திமிங்கலம் சொன்னால் பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் அது குட்டி போட்டுவிடும். "கடல்ல இருக்கான் எம் மகன்" என்று அவர் சொல்லும்போது கடலே நம் வீட்டுக்குச் சொந்தம் போல் இருக்கும்.

சாப்பிடு தங்கம். அரைக் கவளமாவது வாயில் போடு. போனில் பேச முடியாவிட்டால் ஒரு சீட்டில் ஒரு வரி எழுதித் தட்டில் வை. வசவு என்றாலும் பரவாயில்லை, எழுது.

அல்லாஹ் உன் நெஞ்சுச் சளியையும் நெஞ்சுப் பாரத்தையும் இறக்கி வைப்பானாக.

உன் அம்மா,
ஜீனத்


786

நாகல் நகர்,
திண்டுக்கல்.
23.1.2022

என் மகன் வாஜிதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தட்டில் நீ வைத்த சீட்டைப் பிராங்கிளின் படம் பிடித்து அனுப்பினான். கஞ்சி பாதி காலியாக இருந்ததையும் சேர்த்தே படம் பிடித்திருந்தான். முதலில் நான் பார்த்தது கஞ்சிக் கிண்ணத்தைத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு உன் வரியைப் படித்தேன். "அத்தாகிட்ட கடைசி வரைக்கும் பொய்தானம்மா சொன்னேன்."

உடனே பதில் எழுதியிருப்பேன். உன் மாமி விடவில்லை. இத்தாவில் இருக்கிறவள் வேற்று ஆண்பிள்ளைக்குச் செய்தி அனுப்பலாமா என்று ஒரே போராட்டம். போன கடிதம் பிராங்கிளினுக்குப் போனது அப்போதுதான் அதற்குத் தெரியும். போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டது. நானும் விடவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள் மதினி, அவர் கூடாது என்றால் நான் பேனாவைத் தொடவில்லை என்றேன். மாமி போய்க் கேட்டது. அவர், "பெத்த புள்ள நோயில கெடக்கான், தாய் எழுதாம வேற யாரு எழுதுறது? எழுதச் சொல்லுங்கம்மா" என்றாராம். இதோடு விட்டிருக்கலாம். மாமி தன் கண்காணிப்பைப் பெருமையாகச் சொல்ல, ஜன்னலில் திரை கட்டிய கதை வெளியே வந்துவிட்டது. "வீட்டுக்குள்ள வெயில் படக்கூடாதுன்னு எந்தக் கிதாபுல இருக்கு? அந்தம்மாவை மூச்சு விட விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமி வந்து முக்காலியைப் போட்டு ஏறி, கொல்லைப்பக்க ஜன்னலில் தான் கட்டிய முடிச்சைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தது. நான் எழுந்து பிடிக்கப் போனேன். "எந் தம்பிக்கி வேற என்னத்தச் செஞ்சேன் ஜீனத்து, இந்தத் துணியக் கட்டுனதத் தவிர" என்றது. இருவரும் அந்தப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு அழுதோம். அவர் போன அன்றைக்குக்கூட நாங்கள் சேர்ந்து அழவில்லை.

இப்போது அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கைக் கிளை, அதற்கு மேலே மலைக்கோட்டையில் ஒரு துண்டு. தை மாத வெயில் மடியில் கிடக்கிறது. கல்யாணமாகி வந்த நாளாக இந்த மலையைப் பார்க்கிறேன். அது இவ்வளவு சாவகாசமாகப் படுத்திருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, பொய்க்கு வருகிறேன்.

வேலைக்குப் போன முதல் வருஷமே நீ என்னிடம் மட்டும் சொன்னாய். நான் துணி வெளுக்கிற இடம் கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது, படுக்கிற இடமும் அங்கேயேதான், கடலைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம், அத்தாவிடம் சொல்லிவிடாதே என்றாய். நான் மூச்சு விடவில்லை. அவர் உன் கடலைப் பற்றி என்னிடம் அளக்கும்போதெல்லாம் அப்படியா, அப்படியா என்று கேட்டு வாயை மூடிக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

அவர் மவுத்துக்கு முந்தின சாயங்காலம் நீ போன் செய்தாயே, அதை நினைத்துப் பார். காய்ச்சல், கொரோனா என்று சொன்னாய். பால்கனி வைத்த ரூமுக்கு மாற்றியிருக்கிறார்கள், நாளைக்கு வீடியோவில் கடலைக் காட்டுகிறேன் என்றும் சொன்னாய். எத்தனை தரம் அவர் காட்டச் சொல்லி, நெட் இல்லை என்று தட்டிக் கழித்தவன் நீ. போனை வைத்ததும் அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை காய்ச்சல் என்கிறான், என்ன சிரிப்பு என்று சண்டைக்குப் போனேன்.

"காய்ச்சலு எறங்கிரும் புள்ள. அவனுக்கு இனிமே பொய் சொல்ற வேலை மிச்சம்" என்றார்.

எந்தப் பொய் என்று ஒன்றும் அறியாதவள் போல் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். ஒருநாள் ஆயக்குடிக்காரர் ஒருவர் ரயிலடியில் அவர் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இவர் வழக்கம்போல உன் திமிங்கலத்தை அவிழ்த்துவிட, அந்த மனுஷர் சங்கடப்பட்டு, "ஏனுங்க, துணி வெளுக்கற பசங்களுக்குச் சன்னலே இருக்காதுங்களே. அடித்தளமுங்க அது. வெயிலு பாக்கறதே பெரிய காரியமுங்க" என்றிருக்கிறார். ஒருநாள் பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்து, ஒன்றைக்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாரே என்று நான் உன்னிடம் போனில் குறைப்பட்டேன், நினைவிருக்கிறதா? அந்தக் கொய்யா ஆயக்குடிக்காரர் வீட்டுக் கொய்யா.

அது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது வாஜித். அதற்குப் பிறகும் கப்பலில் இருந்து நீ போன் செய்த போதெல்லாம் அவர் உன்னிடம் கடலைப் பற்றிக் கேட்டார். தெரிந்துகொண்டே எதற்காக அந்தப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தீர்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டுவிட்டேன்.

"கேட்டாத்தான சொல்லுவான். சொல்ற செத்த நேரமாச்சும் புள்ள மேல வந்து காத்து வாங்கிட்டுப் போறான்ல" என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டே இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறோம். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு அவர் ரொம்ப நேரம் தூங்கவில்லை. நாளைக்கு எப்போது காட்டுவான், அங்கே அப்போது பகலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் ஆட்டோவைத் துடைத்து, சட்டை மாற்றி, "எம் மகன் இன்னைக்குக் கடலக் காட்டப் போறான்" என்று மாமியிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஸ்டாண்டில் தப்ரேஸிடம் கடைசியாகப் பேசியதும் அதுதானாம். உன்னால் ஏமாந்து போனவர் இல்லை உன் அத்தா. உனக்கு ஜன்னல் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் போனவர்.

இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆகவே, அப்பு, இந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திரு. தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொள். அந்தத் திரையை விலக்கு. கண் கூசும், எனக்கும் கூசியது. செத்த நேரம் நின்றால் பழகிவிடும். நன்றாகப் பார். அவருக்கும் சேர்த்துப் பார். அவசரம் இல்லை.

பார்த்துவிட்டு எழுது. நான் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன். மாமி பக்கத்தில் இருக்கும். வேறு யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் அல்லாஹ் சேர்ப்பான்.

உன் மூச்சு லேசாகட்டும். உன் கண்ணுக்கு வெளிச்சம் பிடிக்கட்டும். கரை சேர்ந்து, என் இத்தா முடிவதற்குள் என் முன்னால் வந்து உட்காரட்டும் என் பிள்ளை. ஆமீன்.

உன் அம்மா,
ஜீனத்

மறந்துவிட்டேன், இன்னொன்று: கத்தரிக்காய் நிறம், திமிங்கலம் எல்லாம் இனி வேண்டாம். வெறும் தண்ணீர்தான் தெரிகிறது என்றால் வெறும் தண்ணீர் என்றே எழுது. அவருக்கு அது போதும்.