பஷீர் பாய் சர்வ்

ஜூன் 9, 2025, திங்கள்

பக்ரீத் பிரியாணி இன்னும் வயிற்றை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் காலையில் இரண்டு கேமும் ஜெயித்தோம். கடைசி பாயிண்ட் என் சர்வில்தான். சுபாஷ் பேட்டைத் தூக்குவதற்குள் ஷட்டில் காக் அவன் காலடியில் கிடந்தது. செல்போன் கடைக்காரன், கை வேகமானவன், அவனாலேயே முடியவில்லை. "பாய் சர்வை எடுக்க கள்ளக்குறிச்சியில ஆளே இல்ல" என்றான்.

அந்தச் சந்தோஷத்தை ஒரு டீ குடிக்கும் நேரம்கூட சுஐப் விட்டுவைக்கவில்லை.

"மச்சான், தியாகதுருகம் ரோட்ல புதுசா ஷட்டில் கோர்ட்டு தொறந்துகிறாங்கல்ல, அங்க ஒரு மேடம் கோச்சிங் குடுக்கிறாங்க. நாம ரெண்டு பேரும் ஒரு மாசம் போய்ப் பாக்கலாமா?"

கோச்சிங்! எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் மனைவியின் தம்பி, பெயிண்ட் டின்னைத் திறக்கத் தெரியாமல் என் கடைக்கு வந்து நின்ற பயல், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பார்க்கிறான்.

ஜூன் 12, வியாழன்

ஆட்டம் முடிந்ததும் இதே பஞ்சாயத்து. தமிழ்வேந்தன் ஸ்கூல் வாத்தியார், அவர் எதற்கும் கோச்சிங் பக்கம்தான் பேசுவார். "கால் வைக்கிற முறை தெரிஞ்சா முட்டி வலி கம்மி ஆவும் பாய்" என்றார். "இந்த வயசுல கத்துக்கினா இருக்கிறதும் பூடும்" என்றான் சுபாஷ். சுஐப் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன்: இது எங்க அத்தா மல்லாட்டை மூட்டை அடுக்கிவைத்த கோடவுன். கூரை தாழ்வு, உயர அடித்தால் தகரத்தில் இடிக்கும். அதனால் மட்டமாக, வேகமாக ஆடப் பழகினோம். இந்த ஆட்டத்தை எந்த மேடம் வந்து சொல்லிக்கொடுப்பாள்? கோடு போட்டது நான், லைட் மாட்டியது நான், யாரிடமும் வாடகை என்று கேட்டதில்லை. அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

இன்றைக்குத்தான் சொல்லிக் காட்டினேன். காட்டினால் என்ன?

ஜூன் 13, வெள்ளி

கடையில் டீ வரவழைத்து சுஐப் எதிரிலேயே நான் மட்டும் குடித்தேன்.

ஜூன் 18, புதன்

சுஐபிடமிருந்து மிரட்டல் வந்துவிட்டது. ஜூலையில் அந்தப் புது கோர்ட்டில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டபுள்ஸ் போட்டி. ஒரு நாளாவது அந்த மேடத்திடம் வந்தால்தான் என்னோடு பேர் கொடுப்பானாம், இல்லாவிட்டால் சுபாஷோடு ஆடுவானாம். இத்தனை வருஷம் ஒரே ஜோடி. பஷீர்–சுஐப் என்று சேர்த்துத்தான் ஊரே சொல்லும்.

வீட்டில் ஷாஜாதியும் ஆரம்பித்தாள். "ஒரு நாளு போயிட்டுதான் வாங்களேன். இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

"உன் தம்பி தூது அனுப்பினானா?"

சாப்பாட்டைத் தட்டில் கொட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 21, சனி

போனேன். போய்த் தொலைந்தேன்.

பெயர் கலையரசியாம். மிஞ்சினால் முப்பது வயது இருக்கும். மாவட்டத்துக்கு ஆடியவளாம், இருக்கட்டும். வணக்கம் சொன்ன கையோடு, "சர்வ் போட்டுக் காட்டுங்க சார்" என்றாள். சரி, பார்த்துக்கொள் என்று போட்டேன். மார்புக்கு நேரே ஷட்டிலைப் பிடித்து, மேலிருந்து ஒரே தட்டு. வலையைத் தொட்டும் தொடாமலும் பாய்ந்தது. மூன்று போட்டேன். மூன்றும் அற்புதம்.

"இதைத்தான் சார் மொதல்ல மாத்தணும்" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "இந்த சர்வ இதுவரைக்கும் எவனும் ஒழுங்கா எடுத்தது இல்லம்மா!" அவள் சுஐபைப் பார்த்தாள். சுஐப் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியிருந்த லேஸைத்தான்.

"இல்ல சார், அது வந்து..." என்று இழுத்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் மாற்றணுமாம்? நன்றாக இருப்பதை மாற்றச் சொன்னால்தானே அவள் பிழைப்பு ஓடும்.

ஜூன் 30, திங்கள்

பேர் கொடுத்துவிட்டான். பஷீர்–சுஐப் என்றுதான். எனக்குத் தெரியும், என்னை விட்டால் அவனுக்கு ஆள் ஏது?

ஜூலை 13, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

போட்டியில் என் முதல் சர்வ். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர், "ஃபால்ட்" என்றார். ஏதோ கோட்டை மிதித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த முறையும் ஃபால்ட். அதற்கு அடுத்த முறையும். நடுவர் இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் என் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "ஷட்டில இதுக்குக் கீழதான் அடிக்கணும் பெரியவரே. நீங்க நெஞ்சு ஒயரத்துல அடிக்கிறீங்க. இது சர்வே இல்ல."

பெரியவரே!

பக்கத்து கோர்ட்டில் ஆடிய சின்னப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கலையரசியும் ஓரத்தில் நின்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியாவது இருப்பேன். வேறு மாதிரி சர்வ் எனக்குத் தெரியாது. ஒற்றை இலக்கத்தில் தோற்றோம்.

ஜூலை 14, திங்கள்

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சுஐபைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மச்சான்."

"எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து. எல்லாருக்குமே தெரியும்."

எல்லாருக்கும்! சத்தம் போட்டேன். ஏன்டா சொல்லல? இத்தினி வருசமா என்ன வெச்சி வேடிக்கை பாத்தீங்களா?

"எப்டி மச்சான் சொல்றது? உங்க எடத்துல ஆடிக்கினு, உங்க கடையில வேல பாத்துக்கினு... அதுக்குத்தான் கோச்சிங் போலாம்னேன். மேடம் சொன்னா கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அப்படியானால் நான் ஜெயித்தது எது? ஒரு பாயிண்டாவது என்னுடையதா? இல்லை எல்லாம் கோடவுனுக்குக் கொடுத்த வாடகையா?

வீட்டில் ஷாஜாதியிடம் கொட்டினேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, "எனக்குக்கூடத் தெரியும், சுஐபு சொன்னான்" என்றாள். "வூட்லயும் எத்தினியோ கீது. எத்ததான் சொல்ல முடியுது உங்ககிட்ட?"

ஜூலை 15, செவ்வாய்

கோடவுனைப் பூட்டிவிட்டேன். சாவி என் பையில். எவனும் ஆட வேண்டாம்.

ஜூலை 19, சனி

வெள்ளிமலைக்கு லோடு. கல்வராயன் மலையில் மழை, வளைவுக்கு வளைவு வண்டி முனகியது. அங்கே காண்டிராக்டர் வேடியப்பன் கட்டிடத்தில் சுவர் முழுக்க ஈரம் ஊறியிருக்கிறது, அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கப் பார்க்கிறார். "மொதல்ல சொரண்டுங்க, காய விடுங்க. இல்லன்னா என் பெயிண்ட்ட இறக்காதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு உங்கள மாதிரி ஒரு ஆளு வேணும் பாய்" என்றார்.

ஊருக்கெல்லாம் நான் சொல்கிறேன். எனக்குச் சொல்ல ஒரு நாதி இல்லாமல் போனதே என்று இறங்கும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். பாதி மலையில்தான் தோன்றியது, அந்தக் கலையரசி சொல்லத்தானே வந்தாள்?

ஜூலை 22, செவ்வாய்

புது கோர்ட்டுக்குத் தனியாகப் போனேன். "அன்னைக்கே ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீங்க எங்க சார் சொல்ல விட்டீங்க?" என்றாள். முகத்தில் ஒரு மரியாதை இல்லை. பேட்டைக் கையில் கொடுத்து, இடுப்புக்குக் கீழே அடிக்கச் சொன்னாள். வலையில் விழுந்தது. "மறுபடி." விழுந்தது. "மறுபடி." திமிர் பிடித்தவள். ஒரு தடவைகூட "பரவாயில்லை" என்று சொல்லவில்லை.

நாளைக்கும் போகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோடவுனைத் திறந்தேன். மூன்று பேரும், பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வாசலிலேயே நின்றார்கள். "ஆடத்தானே வந்தீங்க?" என்றேன்.

முதல் சர்வ் வலையில். அடுத்ததும் வலையில். எதிரே நின்ற சுபாஷ், "பரவால்ல பாய், பழைய மாதிரியே போடுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றான்.

"பாயிண்ட் உன்னுது. எடுத்துக்க" என்றேன். கடுப்பில்தான் சொன்னேன்.

அதற்கடுத்தது வலையைத் தாண்டியது, சுபாஷும் எடுக்கவில்லை. பின்னால் நின்ற சுஐப் தொண்டையைச் செருமினான். "மச்சான்... கை மேல போச்சு. ஃபால்ட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. "சத்தமா சொல்லுடா" என்றேன்.

"ஃபால்ட்டு!" தகரக் கூரை அதிர்ந்தது.

இரண்டு கேமும் தோற்றோம். கிளம்பும்போது கோடவுனின் இன்னொரு சாவியை சுஐபிடம் கொடுத்தேன். நான் வராவிட்டாலும் திறக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஷாஜாதியிடம் கேட்டேன். "இன்னும் என்னென்ன எங்கிட்ட சொல்லாம வெச்சிருக்க?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.