ஆறு கொண்டைக்கோழி முட்டைகள்

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலமா என்று கேட்டால் முறைப்பாய். இருந்தாலும் கேட்கிறேன். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

கொண்டைக்கோழிகள் பத்தொன்பதும் சுகம். கொண்டை இறகு வளர்ந்து கண்ணை மூடிவிட்டது. பக்கத்தில் போனாலே திடுக்கிட்டு எகிறுகின்றன. நீ இருந்தால் தையல் கத்தரியால் பக்குவமாக நறுக்கிவிடுவாய். கொண்டைக்குக் கீழே மண்டையோடு மெலிசு, முனை பட்டால் போச்சு. எனக்கு அந்தப் பக்குவம் வராது.

இந்த இனம் நம்மிடம் மட்டும்தான் மிச்சம் என்று கோழி வளர்ப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். போன மாதம் நீ கோபித்துக்கொண்டு கிளம்பியபோது ஆறு முட்டைகளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாயே, பொரித்தனவா? நம் பெட்டைகள் முட்டையிடுவதோடு சரி, அடைகாப்பதில்லை. வேறு கோழியின் கீழ் வைத்தாயா?

இப்படிக்கு,
நீ வைத்த பெயர்தான், கோழிக்கிறுக்கன்

மார்ச் 8

கோழிக்கிறுக்கருக்கு,

தங்கை வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டு வரி, மிச்சமெல்லாம் கோழிக்கு. பன்னிரண்டு வருஷமாக இதே கதைதான்.

முட்டைகளைத் தங்கை வீட்டுக் கோழியின் கீழ் வைத்தேன். மூன்று பொரித்தன. தலையில் பஞ்சு உருண்டை வைத்ததுபோல் இருக்கின்றன. போதுமா?

நான்

மார்ச் 15

அன்புள்ளவளே,

பின் தெருப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கோழியும் வாத்தும் உயிரோடு இருக்கக்கூடாது என்று உத்தரவு. நேற்றுக் காலை கால்நடைத் துறை ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கூட்டுக்குள் கை விட்டதும் எல்லாம் மிரண்டு சுவரில் மோதின. பார்க்கச் சகிக்கவில்லை. என் குரலுக்கு அடங்கும் என்பதால் நானே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன்.

கால்நடை மருத்துவர் தங்கமான மனுஷர். "அரிய இனம்ங்க. ஆய்வுப் பண்ணையில ஒரே ஒரு கூண்டு காலியா இருக்கு. ஒரு ஜோடிய அங்க வச்சுப் பாக்கலாம், எழுதிக் குடுங்க" என்றார். எதிர் வீட்டு வாத்துக்காரர், அவருடையதும் அரிய இனம்தான், அழுதுகொண்டு நின்றார். "என் வீட்டுக்காரிகிட்ட மூணு குஞ்சு இருக்கு டாக்டர், கூண்ட அவருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். உன்னால்தான் அந்தத் தைரியம் வந்தது.

மூன்று வாரம் கோழி இருக்கும் இடத்துக்கு நான் போகக்கூடாதாம். ஏப்ரல் 5 அன்று வருகிறேன். குஞ்சுகளைப் பார்க்க மட்டுமல்ல.

உன்,
கிறுக்கன்

மார்ச் 19

உங்களுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. தங்கை, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

குஞ்சு எதுவும் இல்லை. வந்த அன்றே ஆறு முட்டைகளையும் வேகவைத்துத் தெருநாய்க்குப் போட்டுவிட்டேன். கோபம் கோழி மேல் இல்லை, உங்கள் மேல். நீங்கள் கேட்டு எழுதியபோது உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதை எழுதும்போது சிரித்தேன்கூட.

மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எல்லாத்தையும் அன்னிக்கே பொதைச்சாச்சும்மா" என்றார்கள். ஒன்றாவது இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்.

நீங்கள் என்னைத் திட்ட மாட்டீர்கள். அதுதான் பயமாக இருக்கிறது. ஏப்ரல் ஐந்தாம் தேதி வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, வராதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. வந்தால் கதவைத் திறப்பேன். காட்டுவதற்குத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி