இரண்டாம் தடவை விட்ட பலூன்கள்

பெரிய டைரக்டராகிவிட்ட என் தம்பிக்கு,

உன் ஆவணப்படத்தை நேற்று நம் சர்ச்சில் போட்டார்கள். எல்லாரும் அழுதார்கள். பால்டிமோரில் பிள்ளையைப் பறிகொடுத்த கறுப்பினத் தாயின் துயரத்தை நீ அப்படியே காட்டிவிட்டாய் என்றார் பாஸ்டர்.

அப்படியேவா?

என் மகன் டெவான்ட்டே சுடப்பட்டுச் செத்த பிறகு வந்த அவனுடைய முதல் பிறந்தநாள் அது. அவன் நினைவாக, அவன் பெயரைக் கத்திக்கொண்டே தெருவில் நின்று நீலப் பலூன்களை வானத்தில் விட்டோம். ஒன்று மட்டும், அவன் எப்போதும் நிற்கும் தெருமுனையில், மின்கம்பியில் சிக்கிக்கொண்டது. எதிர்வீட்டு லுரீன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைத் திட்டினாள்.

"டேய், செத்தும் இந்த மூலைய விட்டுப் போக மாட்டியா? மேல உங்க தாத்தா காத்துக்கிட்டிருக்காரு, போடா!"

தெருவே சிரித்தது. அவனைப் புதைத்த பின் நான் சிரித்தது அன்றுதான்.

எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டிருந்த நீ என்ன சொன்னாய்? "அக்கா, இது படத்துக்குச் சரியா வராதுக்கா. இன்னொரு தடவை விடுவோம். இந்தத் தடவை யாரும் சிரிக்காதீங்க."

கடைக்கு ஆளனுப்பிப் புதுப் பலூன் வாங்கினாய். செத்த பிள்ளையின் பெயரை உன் கேமராவுக்காக மறுபடியும் கத்தினேன். படத்தில் இருப்பது அதுதான். அதில் நான் ஏன் அழுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

படத்துக்குக் கிடைத்த விருதும் அந்தக் காட்சிக்குத்தானாம். நீயே வைத்துக்கொள். நீ வெட்டியெறிந்த அந்தச் சிரிப்பை மட்டும் எனக்கு அனுப்பிவிடு. அதை அழித்துவிட்டாய் என்றால், குடும்பமே கூடும் நன்றித் திருநாள் விருந்துக்கு என் வீட்டுப் படி ஏறாதே. ஏற்கெனவே மேஜையில் ஒரு தட்டைக் குறைத்துப் பழகியவள் நான்.

இப்படிக்கு,
உன் அக்கா